கயிற்றின் நடுவில்

மின்சாரம் ஒரு மணிக்கு வரும், ஐந்துக்குப் போகும்.
இந்த வாரம் தாம்வேயில் எங்கள் தெருவின் பங்கு அவ்வளவுதான்.
மோட்டாரைப் போட்டுவிட்டு
உளுந்து மூட்டைக் கணக்கை விரிப்பேன்.
தொட்டி நிரம்பும் வரை கண் அயரக் கூடாது.
அயர்ந்தால் மூன்றாம் மாடியில்
ஊ டின் லைங் வீட்டுச் சுவரில் தண்ணீர் வழியும்.
காலையில் அவர் என்னோடு பேச மாட்டார்.
திட்டினால்கூடத் தேவலை.

அதனால் பாட்டு.

கைப்பேசி முதலில் என்னை வேறு தேசத்தவளாக்க வேண்டும்.
நேற்று சிங்கப்பூர். இன்று போலந்து.
போலந்துக்காரியாக உட்கார்ந்து
‘நாட்டுப்புறம்’ என்று தமிழில் தட்டினேன்:
சினிமாப் பாட்டு வந்தது, நடுவே பற்பசை விளம்பரம்.
பர்மிய எழுத்தில் தட்டினேன்:
காதல் தோல்விகள், வரிசையாக.
ஆங்கிலத்தில் தட்டியதும்
முந்நூற்றுச் சொச்சம் வானொலிகள்.

பாதி செத்தவை. பெயர் இருக்கும், தொட்டால் மூச்சிருக்காது.
ஒன்றில் ஆடுகள்.
ஆட்டைப் பற்றிய பாட்டில்லை, ஆடுகளேதான்.
கணக்கில் இரண்டு மூட்டை தவறியது அங்கேதான்.
ஒன்றில் வயலினைக் குதிரை மாதிரி விரட்டிக்கொண்டு போனார்கள்.
ஒன்றில் பெண்கள் பலர் சேர்ந்து
ஒரே குரலை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார்கள்;
பல் கூசியது.
கூசட்டும் என்று இன்னொரு பாட்டு கேட்டேன்.

பட்டியலின் அடியில், படம்கூட இல்லாமல், ஒன்று.
பனி விழும் ஏதோ ஊர்;
ஊர்ப் பெயரில் வட்ட எழுத்தின் குறுக்கே ஒரு கோடு.
‘கேட்பவர்கள்: 3.’
தொட்டேன். 4.
காலிப் பேருந்தில் ஏறி
எல்லோரும் திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார். நாற்காலி கிரீச்சிட்டது.
பிறகு ஒரு சின்ன யாழ்,
ஐந்தாறு கம்பிக்கு மேல் இராது.
அதன் மேல் ஒரு பெண்குரல்,
நிதானமாக, ஆனால் கோபமாக.

அப்போதுதான் மணி அடித்தது.

செய்தித்தாளும் ரசீதும் மேலே இழுக்க
எங்கள் பால்கனியிலிருந்து தெரு வரை கயிறு தொங்கும்,
நுனியில் கவ்வி, தலைப்பில் மணி.
அதை இரவு இரண்டரைக்கு யாரோ இழுக்கிறார்கள்.
குனிந்தேன். இரண்டாம் மாடி, நா மூ பாவ்,
தலை முழுக்க ஈரம், கையில் வாளி.
“அந்தப் பாட்டு எங்கே கிடைத்தது?”
“பனி ஊரில்.”
“அது எங்கள் பாஷை. இன்னும் சத்தமாக வை.”

அதற்கு மேல் சத்தம் இல்லை இந்தப் போனில்.
கூடையில் வைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
அவள் கைக்கு எட்டும் நேரம் பாட்டு நின்றது, வட்டம் சுழன்றது;
என் வீட்டு வைஃபை அவ்வளவு தூரம் இறங்காது.
ஒரு முழம் மேலே இழுத்தேன்: பாடியது.
இறக்கினேன்: வட்டம்.
கடைசியில் அது பாடச் சம்மதித்த இடம்
ஊ டின் லைங்கின் படுக்கையறை ஜன்னல்.

ஜன்னல் திறந்தது.
செத்தோம் என்று நினைத்தேன்.
அவர் கூடையைப் பார்த்தார், மேலே என்னைப் பார்த்தார்,
கீழே கேட்டார்: “காதல் பாட்டா?”
“இல்லை,” என்றாள் நா மூ பாவ்,
“நெல்லுக்குள் பன்றி புகுந்துவிட்டது.
காவலுக்குப் போனவன் தூங்கிவிட்டான்.
அவனைத்தான் திட்டுகிறாள்.”
“அடுத்தது?”
“இன்னும் இதுவே முடியவில்லை. ஒவ்வொரு பன்றியாக வரும்.”

அவர் சுருட்டைப் பற்றவைத்தார்.
புகை என் மாடிக்கு ஏறி வந்தது.
எந்தப் பன்றியிலிருக்கிறோம் என்று
கீழிருந்து அவ்வப்போது தகவல்.
ஆறாவதில் அவர் சிரித்தார்.
பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் முதல் முறை,
அதுவும் இருட்டில்.

நாலே காலுக்கே மின்சாரம் போயிற்று.
மோட்டார் நின்றது, தொட்டி முக்கால்.
கூடையில் வட்டம் மட்டும் சுழன்றது.

பனி ஊரில் அந்தத் தொண்டைக்காரர்
நாலு மூன்றாவதைப் பார்த்திருப்பார்.
ஓர் ஆள் எழுந்து போனதாக நினைத்திருப்பார்.
போனது மூன்று பேர்.
அதில் ஒருவர் இன்னும் ஜன்னலை மூடவில்லை.